அந்தி விளக்கு: மின்னணுச் சுற்றின் அரிச்சுவடி

மின்னோட்டம் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து சேரும் மூடிய பாதைக்கு மின்சுற்று என்று பெயர். பேட்டரியின் நேர்முனையில் கிளம்பி, கம்பியையும் பாகங்களையும் கடந்து, எதிர்முனையை அடைய வழி இருந்தால்தான் ஓட்டம் உண்டு. அந்த வழியில் ஓரிடத்தில் துண்டிப்பு நேர்ந்தாலும் வழி முழுவதிலும் ஓட்டம் நின்றுவிடும். மின்னோட்டத்தைக் குழாய்த் தண்ணீரோடு ஒப்பிட்டுச் சொல்வது பள்ளிகளில் வழக்கம். அழுத்தம் வேறு, ஓட்டம் வேறு என்று காட்ட அந்த ஒப்புமை உதவும். அதற்கு மேல் உதவாது. குழாய் உடைந்தால் தண்ணீர் வெளியே கொட்டும். கம்பி அறுந்தாலோ எதுவும் கொட்டுவதில்லை, ஓட்டமே இராது. பாகத்தின் ஒரு காலை மட்டும் இணைத்துவிட்டு "ஏன் எரியவில்லை?" என்று தேடுகிறவர்கள் பெரும்பாலும் இந்த வேறுபாட்டை விட்டவர்களே.

இந்த அத்தியாயம் ஒரே ஒரு சுற்றைப் படிப்படியாகக் கட்டுகிறது. வெளிச்சம் குறைந்ததும் தானாக எரிந்து, வெளிச்சம் வந்ததும் அணையும் சிறு விளக்கு அது. ரெசிஸ்டர், எல்.இ.டி., எல்.டி.ஆர்., டிரான்சிஸ்டர் ஆகியவை இதில் முதலில் வருகின்றன. கெப்பாசிட்டரும் டையோடும் பின்னர் சேர்கின்றன. பாகங்களைத் தனித்தனியாக மனப்பாடம் செய்வதைவிட, ஒரு சுற்றுக்குள் அவை ஒன்றையொன்று எப்படிப் பாதிக்கின்றன என்று அளந்து பார்ப்பதே அறிவை நிலைநிறுத்தும். எந்தச் சுற்றுப்படத்தைப் பார்த்தாலும் இரண்டு கேள்விகளைக் கேட்கப் பழக வேண்டும். மின்னோட்டம் எந்த வழியாகத் திரும்புகிறது? பேட்டரியின் மின்னழுத்தம் எந்தெந்தப் பாகத்தின் மீது எவ்வளவு விழுகிறது?

மூன்று அளவுகள்

மின்னழுத்தம் வோல்ட்டிலும், மின்னோட்டம் ஆம்பியரிலும், மின்தடை ஓமிலும் அளக்கப்படுகின்றன. இவற்றுள் மின்னழுத்தம் எப்போதும் இரு புள்ளிகளுக்கு இடைப்பட்ட வேறுபாடு. "இந்தப் புள்ளியில் 6 வோல்ட்" என்று எழுதியிருந்தால், பேட்டரியின் எதிர்முனையிலிருந்து பார்க்கையில் 6 வோல்ட் என்று பொருள். அந்த எதிர்முனைக்குச் சுற்றுப்படங்களில் 'கிரவுண்ட்' என்று பெயர். மண்ணில் பதிக்கும் எர்த் கம்பியோடு அதற்குத் தொடர்பு இருக்கவேண்டிய அவசியமில்லை.

மின்னோட்டம் நேர்முனையிலிருந்து எதிர்முனைக்குச் செல்வதாகவே எல்லாப் படங்களும் வரையப்படுகின்றன. உலோகக் கம்பியில் உண்மையில் நகரும் எலக்ட்ரான்கள் எதிர்த்திசையில் போகின்றன. ஜே.ஜே. தாம்சன் 1897இல் எலக்ட்ரானைக் கண்டறிவதற்கு வெகுகாலம் முன்பே திசை வழக்கம் நிலைபெற்றுவிட்டது. கணக்கு எதுவும் இதனால் மாறுவதில்லை. டையோடு, டிரான்சிஸ்டர் குறியீடுகளில் உள்ள அம்புகளும் இந்த வழக்கத் திசையையே காட்டுகின்றன.

மூன்று அளவுகளையும் பிணைக்கும் விதியை ஜெர்மானிய இயற்பியலாளர் கியோர்க் சைமன் ஓம் 1827இல் தம் நூலில் வெளியிட்டார். மின்னோட்டத்தை மின்தடையால் பெருக்கினால் மின்னழுத்தம் கிடைக்கும். ஆம்பியர் என்பது மின்னணுச் சுற்றுகளுக்குப் பெரிய அலகு. இங்கே புழங்குவது ஆம்பியரின் ஆயிரத்தில் ஒரு பங்கான மில்லி ஆம்பியர். வோல்ட்டைக் கிலோ ஓமால் வகுத்தால் விடை நேராக மில்லி ஆம்பியரில் வரும். 9 வோல்ட்டை 1 கிலோ ஓமுக்குக் குறுக்கே கொடுத்தால் 9 மில்லி ஆம்பியர். இந்த ஒரு குறுக்குவழியைக் கைவசப்படுத்தினால் பாதிக் கணக்குகள் மனக்கணக்காகிவிடும்.

எல்.இ.டி.யும் அதைக் காக்கும் ரெசிஸ்டரும்

எல்.இ.டி. ஒளி உமிழும் டையோடு. மின்னோட்டம் ஒரு திசையில் மட்டுமே அதனுள் செல்லும். புதிய எல்.இ.டி.யின் நீளமான கால் நேர்மின்வாய், குட்டையான கால் எதிர்மின்வாய். கால்களை வெட்டிவிட்டால், பிளாஸ்டிக் விளிம்பு தட்டையாக இருக்கும் பக்கம் எதிர்மின்வாய் என்று கண்டுகொள்ளலாம்.

ஓம் விதி எல்.இ.டி.க்கு நேரடியாகப் பொருந்தாது. சிவப்பு எல்.இ.டி.க்கு 1.5 வோல்ட் கொடுத்தால் அநேகமாக எரியாது. 1.8 வோல்ட்டில் மங்கலாகவும் 2 வோல்ட்டில் நன்றாகவும் எரியும். அதற்கு மேல் மின்னழுத்தத்தைச் சற்றே கூட்டினாலும் மின்னோட்டம் பன்மடங்கு ஏறி, எல்.இ.டி. சூடேறிக் கருகிவிடும். 9 வோல்ட் பேட்டரியில் நேரடியாக மாட்டும் எல்.இ.டி. ஒரு முறை பளிச்சென்று மின்னிவிட்டுச் சாவது இதனால்தான். ஆகவே எல்.இ.டி. ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் பொறுப்பை வேறொரு பாகம் ஏற்க வேண்டும். அந்தப் பாகம் ரெசிஸ்டர்.

கணக்கு எளிது. பேட்டரி 9 வோல்ட். சிவப்பு எல்.இ.டி. தனக்கு 2 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். மீதி 7 வோல்ட் ரெசிஸ்டர் மீது விழும். தேவையான ஓட்டம் 10 மில்லி ஆம்பியர். பெரும்பாலான 5 மில்லிமீட்டர் எல்.இ.டி.களின் உச்சவரம்பு 20 மில்லி ஆம்பியர் அளவில் இருக்கும், பாதியே கண்ணுக்குப் போதும். 7 வோல்ட்டை 10 மில்லி ஆம்பியரால் வகுத்தால் 0.7 கிலோ ஓம், அதாவது 700 ஓம். 700 ஓமில் பொதுவாக ரெசிஸ்டர் கிடைப்பதில்லை. அடுத்து இருப்பது 680 ஓம். அதைப் போட்டால் ஓட்டம் 10.3 மில்லி ஆம்பியர். ரெசிஸ்டரில் வெப்பமாக மாறும் திறன் 7 வோல்ட்டையும் 10.3 மில்லி ஆம்பியரையும் பெருக்கினால் வரும் 72 மில்லி வாட். கால் வாட் ரெசிஸ்டர் 250 மில்லி வாட்டைத் தாங்கும்; இங்கே அது தாராளம்.

ரெசிஸ்டர் எல்.இ.டி.க்கு முன்னால் இருக்கவேண்டுமா, பின்னாலா என்ற கேள்வி அடிக்கடி எழுவது. இரண்டும் ஒன்றே. ஒரே வழியில் தொடராக இணைந்த பாகங்கள் அனைத்திலும் ஓடும் மின்னோட்டம் சமம் என்பதால், பாதையின் எந்த இடத்தில் கட்டுப்படுத்தினாலும் பாதை முழுவதும் கட்டுப்படும்.

நிறம் மாறினால் 2 வோல்ட் என்ற எண்ணும் மாறும். எந்தக் குறைக்கடத்திப் பொருளால் செய்யப்பட்டதோ அதைப் பொறுத்தே ஒளியின் நிறம் அமைகிறது. ஒளித் துகளின் ஆற்றல் கூடக்கூட அதை உண்டாக்கத் தேவையான மின்னழுத்தமும் கூடும். நீல ஒளியின் ஆற்றல் சிவப்பைவிட அதிகம். எனவே நீல எல்.இ.டி. 3 வோல்ட் அளவில் கேட்கும். வெள்ளை எல்.இ.டி.க்களில் பெரும்பாலானவை நீல எல்.இ.டி.யின் மீது மஞ்சளாக ஒளிரும் பாஸ்பர் பூசியவை; அவற்றுக்கும் அதே 3 வோல்ட்தான். நீலத்தைச் சாதித்த இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நகமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. இரண்டு பென்சில் பேட்டரிகளால் சிவப்பு எல்.இ.டி. திடமாக எரிவதும், வெள்ளை எல்.இ.டி. பேட்டரி சற்றுத் தளர்ந்ததுமே மங்குவதும் இந்த வேறுபாட்டின் விளைவு.

நிறப்பட்டைகள்

ரெசிஸ்டரின் உடம்பு சிறியது. எண்ணை அச்சடிக்க இடமில்லை. அச்சடித்தாலும் திரும்பியிருக்கும் பக்கத்தில் எண் மறைந்துவிடும். சுற்றி வரும் நிறப்பட்டை எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் தெரியும். கறுப்பு 0, பழுப்பு 1, சிவப்பு 2, ஆரஞ்சு 3, மஞ்சள் 4, பச்சை 5, நீலம் 6, ஊதா 7, சாம்பல் 8, வெள்ளை 9. நான்கு பட்டை ரெசிஸ்டரில் முதல் இரண்டும் இலக்கங்கள். மூன்றாவது, பின்னால் எத்தனை சுழியம் சேர்க்கவேண்டும் என்று சொல்லும். நான்காவது துல்லியம், பொன்னிறம் என்றால் 5 சதவீதம். நீலம், சாம்பல், பழுப்பு என்று வந்தால் 68ம் ஒரு சுழியமும், ஆக 680 ஓம். மஞ்சள், ஊதா, ஆரஞ்சு என்றால் 47ம் மூன்று சுழியங்களும், ஆக 47,000 ஓம் அல்லது 47 கிலோ ஓம்.

1 சதவீதத் துல்லியமுள்ள ரெசிஸ்டர்களில் ஐந்து பட்டைகள் இருக்கும். முதல் மூன்று இலக்கங்கள். இவற்றில் சிவப்பையும் பழுப்பையும் ஆரஞ்சையும் பிரித்தறிவது, குறிப்பாக மாலை வெளிச்சத்தில், தேர்ந்த கண்ணுக்கும் கடினம். மின்தடை, மின்னழுத்தம், மின்னோட்டம் ஆகியவற்றை அளக்கும் மல்டிமீட்டரில் ஒரு தடவை அளந்துவிட்டு மாட்டுவதே நல்ல பழக்கம்.

10, 12, 15, 18, 22, 27, 33, 39, 47, 56, 68, 82 என்று ஒழுங்கில்லாததுபோல் தோன்றும் எண்வரிசையிலேயே ரெசிஸ்டர்கள் விற்கப்படுகின்றன. இதில் ஒழுங்கு உண்டு. ஒவ்வோர் எண்ணும் முந்தையதைவிட ஏறத்தாழ 1.2 மடங்கு. 10 சதவீதம் கூடக்குறைய இருக்கலாம் என்று வைத்துக்கொண்டால், இந்தப் பன்னிரண்டு மதிப்புகளே 10 முதல் 100 வரையுள்ள இடைவெளியை ஏறக்குறைய முழுவதும் நிரப்பிவிடும். கணக்கில் வரும் விடைக்கு மிக அருகிலுள்ள மதிப்பை எடுத்துக்கொள்வது மின்னணுவியலில் குறைபாடு அல்ல, முறையே அதுதான்.

பிரெட்போர்டு

ஈயம் வைக்காமல், பாகங்களைச் செருகியும் பிடுங்கியும் சோதிக்கும் துளைப்பலகை பிரெட்போர்டு. துளைகளுக்கிடையே தூரம் 2.54 மில்லிமீட்டர். நடுப்பள்ளத்தின் இருபுறமும் ஐந்தைந்து துளைகள் உள்ளுக்குள் ஒரே உலோகப் பட்டையால் இணைந்திருக்கும். பள்ளத்தைத் தாண்டி இணைப்பு இல்லை. ஓரங்களில் நீளவாக்கில் ஓடும் வரிசைகள் பேட்டரியின் நேர், எதிர் முனைகளுக்கு. சில பெரிய பலகைகளில் இந்த ஓர வரிசை நடுவில் துண்டிக்கப்பட்டிருக்கும். அருகே போட்டிருக்கும் சிவப்பு, நீலக் கோடு நடுவில் விட்டுப்போயிருந்தால் அதுவே அடையாளம்.

தொடங்குபவர் செய்யும் பிழைகளில் முதலிடம் ரெசிஸ்டரின் இரண்டு கால்களையும் ஒரே ஐந்து துளை வரிசையில் செருகிவிடுவதற்கு. அப்போது ஓட்டம் ரெசிஸ்டரை விட்டுவிட்டு உலோகப் பட்டை வழியே போய்விடும், எல்.இ.டி. கருகும்.

வெளிச்சத்தை மின்னழுத்தமாக மாற்றுதல்

எல்.டி.ஆர். ஒளிக்கேற்ப மின்தடை மாறும் ரெசிஸ்டர். அதன் முகத்தில் வளைந்து வளைந்து ஓடும் கோட்டுக்கிடையே காட்மியம் சல்பைடு படலம் இருக்கிறது. ஒளி படும்போது அந்தப் படலத்தில் எலக்ட்ரான்கள் விடுபட்டு மின்தடை குறையும். விளக்குப் போட்ட அறையில் 2 அல்லது 3 கிலோ ஓம், கைவிரலால் மூடினால் பல பத்து கிலோ ஓம், முழு இருளில் சில நூறு கிலோ ஓமுக்கு மேல் என்று மல்டிமீட்டர் காட்டும். ஒரே வகையிலும் ஒன்றுக்கொன்று மாறுபடும் என்பதால், கையிலிருக்கும் எல்.டி.ஆரை அளந்து குறித்துக்கொள்வது நல்லது. இதற்கு நேர், எதிர் கால் என்ற பேதம் கிடையாது.

மின்தடை மாறுவது மட்டும் விளக்கை இயக்காது. அதை மின்னழுத்தமாக்க வேண்டும். 47 கிலோ ஓம் ரெசிஸ்டரை நேர்முனையிலிருந்து ஒரு புள்ளிக்கும், எல்.டி.ஆரை அந்தப் புள்ளியிலிருந்து எதிர்முனைக்கும் இணைத்தால், 9 வோல்ட் இரண்டுக்கும் மின்தடையின் விகிதத்தில் பங்கிடப்படும். இந்த அமைப்புக்கு மின்னழுத்தப் பகுப்பான் என்று பெயர். எல்.டி.ஆர். 2 கிலோ ஓமாக இருக்கையில் நடுப்புள்ளியில் 9ஐ 49ஆல் வகுத்து 2ஆல் பெருக்கினால் வரும் 0.37 வோல்ட் இருக்கும். இருட்டில் எல்.டி.ஆர். 100 கிலோ ஓமானால் அதே புள்ளி 6.1 வோல்ட்டுக்கு ஏறும்.

டிரான்சிஸ்டரை மாட்டுவதற்கு முன் இந்த இரண்டு பாகங்களை மட்டும் பிரெட்போர்டில் வைத்து, மல்டிமீட்டரை 20 வோல்ட் டி.சி. வரம்பில் வைத்து நடுப்புள்ளியை அளக்க வேண்டும். கையை எல்.டி.ஆர். மேல் கொண்டுவரக் கொண்டுவர எண் ஏறுவதையும், எடுத்ததும் இறங்குவதையும் பார்க்கலாம். வெப்பமானி, அழுத்த உணரி, பழைய ரேடியோவின் ஒலிக் குமிழ் என எத்தனையோ கருவிகளுக்குள் இதே பகுப்பான்தான் இருக்கிறது. இந்த ஒரு சோதனையில் சற்று நேரம் செலவிடுவது வீண் போகாது.

டிரான்சிஸ்டர் என்னும் சுவிட்ச்

நடுப்புள்ளியிலிருந்து எல்.இ.டி.யை நேரடியாக எரிக்க முடியாது. 47 கிலோ ஓம் வழியாக அதிகபட்சம் 0.2 மில்லி ஆம்பியர்தான் வரும்; எல்.இ.டி. கேட்பது 10 மில்லி ஆம்பியர். சிறு ஓட்டத்தைக் கொண்டு பெரிய ஓட்டத்தைத் திறந்து மூடும் பாகம் தேவை. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஜான் பார்டீனும் வால்டர் பிராட்டைனும் 1947 டிசம்பரில் இயக்கிக் காட்டிய டிரான்சிஸ்டர் அந்தப் பாகம். அவர்களோடு வில்லியம் ஷாக்லிக்கும் 1956இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இந்தச் சுற்றுக்கு ஏற்றது பிசி 547. சென்னை ரிச்சி தெருவிலிருந்து சிற்றூர் ரேடியோ கடை வரை எங்கும் மலிவாகக் கிடைக்கும் என்.பி.என். வகை டிரான்சிஸ்டர் இது. பள்ளிப் பாடநூல்கள் உமிழ்ப்பான், அடிவாய், ஏற்பான் என்று சொல்லும் மூன்று கால்களைப் பட்டறைகளில் எமிட்டர், பேஸ், கலெக்டர் என்பார்கள். எண் அச்சிட்ட தட்டைப் பக்கம் நம்மைப் பார்த்திருக்க, கால்கள் கீழ்நோக்கி இருந்தால், பிசி 547இல் இடமிருந்து வலமாகக் கலெக்டர், பேஸ், எமிட்டர். வேறு டிரான்சிஸ்டர்களுக்கு இந்த வரிசை பொருந்தும் என்று எண்ணிவிடக் கூடாது. தோற்றத்தில் இதே மாதிரி இருக்கும் 2என்3904இல் வரிசை தலைகீழ்.

பேஸிலிருந்து எமிட்டருக்குள் ஒரு சிறு ஓட்டம் நுழைந்தால், கலெக்டரிலிருந்து எமிட்டருக்கு அதைப்போல் நூறு மடங்குக்கு மேல் ஓட்டம் பாய வழி திறக்கும். இந்த மடங்கு பிசி 547இல் 110 முதல் 800 வரை டிரான்சிஸ்டருக்கு டிரான்சிஸ்டர் மாறும். இவ்வளவு மாறும் எண்ணை நம்பிச் சுற்று அமைக்கக் கூடாது; மிகக் குறைந்த மடங்கு உள்ள டிரான்சிஸ்டரை மாட்டினாலும் வேலை செய்யும்படி கணக்கிட வேண்டும். இருட்டில் பேஸுக்குள் போகும் ஓட்டம் 9இலிருந்து 0.7ஐக் கழித்து 47 கிலோ ஓமால் வகுத்தால் வரும் 0.18 மில்லி ஆம்பியர் அளவு. 110ஆல் பெருக்கினால் 19 மில்லி ஆம்பியருக்குச் சற்று மேல். எல்.இ.டி. பாதையில் 680 ஓம் ரெசிஸ்டர் விடுவதோ 10 மில்லி ஆம்பியர்தான். ஆகவே டிரான்சிஸ்டர் முழுவதும் திறந்துவிடும். கலெக்டருக்கும் எமிட்டருக்கும் இடையே 0.1 அல்லது 0.2 வோல்ட் மட்டுமே மிஞ்சும். இதைத் தெவிட்டு நிலை என்பர். சுவிட்சாகப் பயன்படுத்தும் டிரான்சிஸ்டர் ஒன்று இந்த நிலையில் இருக்க வேண்டும், அல்லது முற்றாக மூடியிருக்க வேண்டும்.

கணக்கில் வந்த 0.7 வோல்ட் எங்கிருந்து வந்தது? பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையில் இருப்பது ஒரு சிலிக்கான் டையோடு. 0.6 வோல்ட் வரை அது ஏறக்குறைய மூடிக் கிடக்கும், 0.7 வோல்ட்டுக்கு அருகில் திறந்துகொண்டு, அதற்குமேல் மின்னழுத்தம் ஏற விடாது. எனவே டிரான்சிஸ்டர் இல்லாதபோது இருட்டில் 6 வோல்ட் காட்டிய நடுப்புள்ளி, பேஸை இணைத்ததும் 0.7 வோல்ட்டில் நின்றுவிடும். முதன்முறை பார்ப்பவருக்குச் சுற்று பழுதானதுபோல் தோன்றும். பழுதில்லை, மேலே மீதமுள்ள 8.3 வோல்ட் முழுவதும் 47 கிலோ ஓம் ரெசிஸ்டர் மீது விழுந்து, பேஸ் ஓட்டத்தைத் தள்ளிக்கொண்டிருக்கிறது.

சுற்றைக் கூட்டுதல்

இப்போது முழு இணைப்பும் சில வரிகளில் அடங்கும். பேட்டரி நேர்முனையிலிருந்து 680 ஓம், அதிலிருந்து எல்.இ.டி.யின் நீளக் கால், எல்.இ.டி.யின் குட்டைக் காலிலிருந்து பிசி 547இன் கலெக்டர். எமிட்டர் நேராக எதிர்முனைக்கு. நேர்முனையிலிருந்து 47 கிலோ ஓம் பேஸுக்கு; பேஸிலிருந்து எல்.டி.ஆர். எதிர்முனைக்கு. பேட்டரியைக் கடைசியாக இணைக்க வேண்டும். அதற்கு முன், நேர்முனையையும் எதிர்முனையையும் நேரடியாகச் சேர்க்கும் கம்பி எங்காவது இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்த்துச் செல்ல வேண்டும். பேட்டரி ஷார்ட் ஆனால் சூடேறும். சட்டைப்பையில் சாவிக்கொத்தோடு 9 வோல்ட் பேட்டரியைப் போட்டுச் செல்வதும் ஆபத்து.

எல்.டி.ஆர். மீது எல்.இ.டி.யின் ஒளி விழாதபடி இரண்டையும் விலக்கி வைக்க வேண்டும். விழுந்தால், எரியத் தொடங்கும் எல்.இ.டி.யே எல்.டி.ஆருக்குப் பகலாகி, விளக்கு எரியாமலும் அணையாமலும் அரைகுறை வெளிச்சத்தில் நின்றுவிடும். கறுப்பு டேப்பைச் சுருட்டி எல்.டி.ஆரைச் சுற்றிச் சிறு குழல்போல் ஒட்டினால் சிக்கல் தீரும்.

எந்த அளவு இருளில் எரிய வேண்டும் என்பதை 47 கிலோ ஓம் தீர்மானிக்கிறது. பேஸில் 0.65 வோல்ட் வரவேண்டுமானால் எல்.டி.ஆர். ஏறத்தாழ 3.7 கிலோ ஓமைத் தொட வேண்டும். மேல் ரெசிஸ்டரை 100 கிலோ ஓமாக்கினால் அதுவே 7.8 கிலோ ஓமாகும். அதாவது இன்னும் இருட்டிய பிறகே எரியும். விருப்பப்படி திருகிச் சரிசெய்ய, 22 கிலோ ஓம் ரெசிஸ்டரோடு பிரீசெட் என்னும் திருகி மாற்றும் 100 கிலோ ஓம் ரெசிஸ்டரைத் தொடராக இணைக்கலாம். 22 கிலோ ஓமை விட்டுவிட்டுப் பிரீசெட்டை மட்டும் போடுவது தவறு. திருகி அது சுழியத்துக்கு வந்துவிட்டால் 9 வோல்ட் நேரே பேஸில் பாய்ந்து டிரான்சிஸ்டரை அழித்துவிடும்.

பகலில் இந்தச் சுற்று இழுப்பது 0.2 மில்லி ஆம்பியருக்கும் குறைவு. எரியும்போது 10 மில்லி ஆம்பியர். நல்ல அல்கலைன் 9 வோல்ட் பேட்டரியின் கொள்ளளவு 500 மில்லி ஆம்பியர்-மணி அளவில் இருப்பதால், தொடர்ந்து எரிந்தால் ஐம்பது மணி நேரம் தாங்கும் என்று எதிர்பார்க்கலாம்.

எரியவில்லை என்றால்

புதிய பாகங்களால் கட்டிய சுற்று வேலை செய்யாவிட்டால், பாகம் கெட்டிருக்கும் என்று முதலில் சந்தேகிப்பது நேரத்தை வீணாக்கும். பெரும்பாலும் பிழை இணைப்பிலேயே இருக்கும். மல்டிமீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரியின் எதிர்முனையில் நிலையாக வைத்து, சிவப்பு முனையால் ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டால் சுற்று தானே தன் பிழையைச் சொல்லும்.

முதலில் பேட்டரி; சுமையோடு இருக்கையில் 9 வோல்ட்டுக்கு அருகில் இருக்க வேண்டும். அடுத்து, எல்.டி.ஆரை மூடிக்கொண்டு பேஸ். 0.7 வோல்ட் அளவில் இருந்தால் பகுப்பானும் பேஸ் இணைப்பும் சரி. 1 வோல்ட்டுக்கு மேல் ஏறினால் பேஸ் டையோடு ஓட்டத்தை எடுக்கவில்லை என்று பொருள்: எமிட்டர் எதிர்முனையோடு சேரவில்லை, அல்லது கால்கள் மாறியிருக்கின்றன, அல்லது டிரான்சிஸ்டர் உள்ளே அறுந்திருக்கிறது. பேஸ் 0.7ஆக இருந்து, கலெக்டர் கிட்டத்தட்டச் சுழியமாக இருந்து, எல்.இ.டி. மட்டும் எரியாவிட்டால், மேலிருந்து ஓட்டம் கலெக்டருக்கு வந்து சேரவில்லை, எல்.இ.டி. தலைகீழாகச் செருகப்பட்டிருப்பது இதற்கு மிகச் சாதாரணமான காரணம். பகலிலும் எரிந்துகொண்டே இருந்தால் 47 கிலோ ஓமுக்குப் பதிலாக 470 ஓமோ 4.7 கிலோ ஓமோ மாட்டப்பட்டிருக்கக் கூடும். மூன்றுக்கும் முதல் இரண்டு பட்டைகள் ஒன்றே, மூன்றாவதில்தான் வேறுபாடு.

மல்டிமீட்டரைக் கையாள்வதில் மூன்று கட்டுப்பாடுகள் உண்டு. மின்னழுத்தத்தைச் சுற்று ஓடும்போது பாகத்துக்குக் குறுக்கே அளக்க வேண்டும். மின்தடையைப் பேட்டரியைக் கழற்றிவிட்டு, பாகத்தின் ஒரு காலையாவது சுற்றிலிருந்து விடுவித்து அளக்க வேண்டும். மின்னோட்டத்தை அளக்கச் சுற்றை ஓரிடத்தில் பிரித்து, மீட்டரை அந்த இடைவெளியில் பாதையின் பகுதியாகச் சேர்க்க வேண்டும். ஆம்பியர் வரம்பில் இருக்கும் மீட்டரைப் பேட்டரிக்குக் குறுக்கே வைத்தால் அது வெறும் கம்பிக்குச் சமம். உள்ளே இருக்கும் ஃபியூஸ் போய்விடும்.

கெப்பாசிட்டர் சேரும்போது

யாராவது குறுக்கே நடந்து நிழல் விழுந்தாலும் விளக்கு கண் சிமிட்டும். அதைத் தடுக்கும் பாகம் கெப்பாசிட்டர், தமிழில் மின்தேக்கி. இரண்டு உலோகத் தகடுகளுக்கிடையே மின்காப்புப் பொருளை வைத்தால் மின்னூட்டம் தேங்கும். தேங்கவும் வடியவும் நேரம் பிடிப்பதால் மின்னழுத்தம் திடீரென்று மாறாது. பேஸுக்கும் எதிர்முனைக்கும் இடையே 1,000 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கியை வைத்தால் விளக்கு எரிவது சற்றுத் தாமதமாகும்.

தாமதத்தைக் கணக்கிடலாம். மின்தடையையும் மின்தேக்கத்தையும் பெருக்கினால் நேர மாறிலி கிடைக்கும். 47 கிலோ ஓமும் 1,000 மைக்ரோ ஃபாரடும் சேர்ந்தால் 47 நொடி. ஒரு நேர மாறிலிக் காலத்தில் மின்தேக்கி இறுதி மின்னழுத்தத்தின் 63 சதவீதத்தை எட்டும். ஆனால் விளக்கு 47 நொடி காத்திருக்காது. டிரான்சிஸ்டர் திறக்க 9 வோல்ட்டில் 0.65 வோல்ட் போதும். அறை வெளிச்சத்திலேயே பேஸ் 0.37 வோல்ட்டில் இருப்பதால் எஞ்சிய சிறு தூரத்தை ஏறுவதற்கு ஒன்றரை நொடி அளவே ஆகும். நேர மாறிலி வேகத்தை மட்டுமே தரும். எந்த மின்னழுத்தத்தில் அடுத்த பாகம் விழிக்கிறது என்பதையும் சேர்த்தால்தான் நேரம் கிடைக்கும்.

இவ்வளவு பெரிய மதிப்பு எலக்ட்ரோலிடிக் வகையிலேயே வரும். அதன் உடம்பில் பட்டைக் கோடு போட்ட பக்கத்துக் கால் எதிர்முனைக்கு. மாற்றி இணைத்தால் உள்ளே வாயு உண்டாகி உப்பும், வெடிக்கவும் கூடும். பேட்டரி மின்னழுத்தத்தைவிடக் கணிசமாகக் கூடுதல் வரம்புள்ளதை, இங்கே 16 அல்லது 25 வோல்ட் உள்ளதை, வாங்க வேண்டும். சிறு மதிப்புகளுக்கு வட்டமான செராமிக் வகை. அதில் கால் பேதம் இல்லை. 104 என்று அச்சிட்டிருந்தால் 10க்குப் பின் நான்கு சுழியம், அதாவது 1,00,000 பிக்கோ ஃபாரட் அல்லது 0.1 மைக்ரோ ஃபாரட்.

டையோடும் ரிலேயும்

எல்.இ.டி.க்குப் பதிலாகப் பெரிய விளக்கையோ மோட்டாரையோ இயக்க வேண்டுமானால் ரிலே வேண்டும். மின்காந்தச் சுருளால் இழுக்கப்படும் சுவிட்ச் அது. 12 வோல்ட் ரிலேயின் சுருள் 400 ஓம் என்றால் அது 30 மில்லி ஆம்பியர் கேட்கும். 100 மில்லி ஆம்பியர் வரை தாங்கும் பிசி 547க்கு அது இயலும். ஆனால் 47 கிலோ ஓம் தரும் பேஸ் ஓட்டம் மடங்கு குறைந்த டிரான்சிஸ்டருக்குப் போதாமல் போகலாம். இரண்டாவது டிரான்சிஸ்டரைச் சேர்த்துப் பெருக்குவது வழக்கம்.

சுருளில் ஓடும் ஓட்டத்தைச் சட்டென்று நிறுத்தினால், நிற்க மறுக்கும் அந்த ஓட்டம் நூறு வோல்ட்டையும் தாண்டக்கூடிய எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கும். பிசி 547 தாங்குவது 45 வோல்ட். சுருளுக்குக் குறுக்கே 1என்4007 டையோடைத் தலைகீழாக, வெள்ளைக் கோடுள்ள கால் நேர்முனையைப் பார்க்கும்படி வைத்தால், அந்த ஓட்டம் டையோடு வழியே சுருளுக்குள்ளேயே சுற்றித் தணியும். ஒரு சிறு டையோடை மறந்ததால் வீணான டிரான்சிஸ்டர்கள் ஏராளம். ரிலேயின் மறுபக்கத்தில் 230 வோல்ட் வீட்டு மின்சாரத்தை இணைக்கும் வேலையைத் தகுந்த பயிற்சி பெற்ற ஒருவர் உடனிருக்கும்வரை தள்ளிவைக்க வேண்டும். பிரெட்போர்டில் அந்த மின்னழுத்தம் ஒருபோதும் வரக் கூடாது.

ஈயம் வைத்தல்

பிரெட்போர்டில் சரியாக ஓடிய சுற்றைத் துளையிட்ட ஜெனரல் பர்ப்பஸ் போர்டில் நிலைப்படுத்தலாம். 25 வாட் சால்டரிங் அயர்ன், நடுவே ஃப்ளக்ஸ் உள்ள மெல்லிய 60/40 வெள்ளீய-காரீயக் கம்பி, காற்றோட்டமான இடம் இவை போதும். அயர்ன் முனையை போர்டின் செம்புத் தடத்தையும் பாகத்தின் காலையும் ஒரே நேரத்தில் தொடும்படி வைத்து, இரண்டு நொடி சூடேற்றி, கம்பியை அயர்னில் அல்லாமல் மூட்டில் தொட வேண்டும். உருகிய ஈயம் தானே பரவிக் காலைத் தழுவி, பளபளப்பாகச் சரிந்து நிற்பது நல்ல மூட்டு. மங்கலாக உருண்டையாகத் திரண்டு நின்றால் சூடு போதவில்லை. பார்வைக்கு ஒட்டியதுபோல் இருந்தாலும் அங்கே மின்தொடர்பு விட்டு விட்டு வரும். அயர்னைத் திரும்ப வைத்துச் சற்று ஃப்ளக்ஸோடு உருக்கிவிட வேண்டும்.

டிரான்சிஸ்டரையும் எல்.இ.டி.யையும் கடைசியில் வைப்பது நல்லது. மூன்று நான்கு நொடிக்கு மேல் சூடு அவற்றுக்கு ஆகாது. எல்.டி.ஆரின் கால்களை மட்டும் நீளமாக விட்டு வைத்தால், பெட்டிக்குள் போர்டைப் பொருத்திய பிறகும் அதை வெளிச்சம் வரும் துளைப் பக்கம் வளைத்துத் திருப்பிக்கொள்ளலாம். காரீயம் கையில் ஒட்டும் நஞ்சு என்பதால் வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.